செம்புப் பலகை வெட்டுவது: எங்கள் கொட்டகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கார் நின்று பல காலம் ஆகிறது. சனிக்கிழமை மதியங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே கூடி மின்சுற்றுகள் செய்கிறார்கள். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கூட்டம் பெருத்தது. ஒருவனுக்கு அவசர விளக்கு வேண்டும், இன்னொருத்திக்கு பேட்டரி அடியோடு தீர்ந்துபோகாமல் காக்கும் சுற்று வேண்டும். பற்றவைப்பதை எல்லோரும் இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பாகங்களைத் தாங்கும், செம்புத் தகடு ஒட்டிய பலகையை வெட்டுவதில்தான் மானம் போகிறது. ஓரம் எலி கடித்த அப்பளம் போல இருக்கும், செம்பு உரிந்து நிற்கும், இரவெல்லாம் கை அரிக்கும். "அங்கிள், இதை எதால் வெட்டுவது?" என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். மோட்டார்களோடு முப்பது ஆண்டு குடித்தனம் நடத்தியதாலோ என்னவோ, இந்த வேலைக்குக் கைக்கத்தியைத்தான் நம்புகிறேன். மின்சாரம் போன இரண்டு மணி நேரத்திலும் கத்தி வேலை செய்யும்.

என் கையில் இருப்பது எந்த வகைப் பலகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், ஒளி ஊடுருவுகிறதாக, உள்ளே துணி நெய்ததுபோலக் குறுக்கும் நெடுக்கும் இழை தெரிந்தால் அது எஃப்ஆர்-4. கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் அழுத்திச் செய்தது. பழுப்பு நிறத்தில், ஒளி புகாமல், அரம் போட்டால் பழைய பேக்கலைட் சுவிட்ச் தீய்ந்த வாசனை அடித்தால் அது காகிதமும் பினாலிக் பிசினும் சேர்ந்த எஃப்ஆர்-1 அல்லது எஃப்ஆர்-2. மலிவான வானொலிகளிலும் ரிமோட்டுகளிலும் இதுதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிஇஎம்-1 என்று ஒன்று உண்டு: மேலும் கீழும் கண்ணாடித் துணி, நடுவில் காகிதம், பால் வெள்ளை நிறம்.

வகை தெரியாமல் வெட்டத் தொடங்காதீர்கள். எஃப்ஆர்-4 கரும்பைப் போல, நார் விடாது. காகிதப் பலகை அப்பளத்தைப் போல, நினைத்த இடத்தில் உடையாது. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் பலகை போய்விடும்.

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடிமன் 1.6 மி.மீ. செம்பின் தடிமன் 35 மைக்ரான். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுக்குத்தான். 0.8 மி.மீ. பலகைக்குப் பாதி உழைப்பு போதும்.

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் எதைக் கற்றுக்கொள்வது?

கீறி முறிப்பது. நேர்க்கோட்டு வெட்டுகளுக்கு இதைவிடச் சுத்தமான, தூசு குறைந்த, செலவு குறைந்த வழி வீட்டுப் பட்டறையில் கிடையாது.

கடலை மிட்டாய் செய்யும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாகு இறுகுமுன் கத்தியால் கோடு போட்டுவைப்போம். ஆறிய பிறகு அழுத்தினால் கோட்டோடு உடையும். கோடு போடாமல் உடைத்தால் ஆளுக்கொரு வடிவம்தான் கிடைக்கும்.

பலகையின் ஒரு நேரான ஓரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் துண்டுகளின் ஓரம் எப்போதும் நேராக இருப்பதில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் முதல் வெட்டை அதற்கே செலவிடுங்கள். பிறகு வெட்டவேண்டிய கோட்டைக் கூரான ஊசியால் மெல்லக் கீறிக் குறியுங்கள். மார்க்கர் பேனாவின் கோடே முக்கால் மில்லிமீட்டர் பருமன் இருக்கும்; அதில் எந்தப் பக்கம் வெட்டுவது என்ற சண்டை வேறு வரும். குறித்த கோட்டை ஓரத்தின் வழியாக இறக்கி மறுபக்கத்துக்கும் கொண்டுபோங்கள். இரண்டு பக்கக் கோடுகளும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று இருக்கவேண்டும். முறிவு நேராக வருவதும் படிக்கட்டாக வருவதும் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

இரும்பு அளவுகோலை இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு கையால் அளவுகோலைப் பிடித்து மறுகையால் கீறுகிற வீரம் வேண்டாம். நானும் அப்படிச் செய்தவன்தான்; இடது கட்டைவிரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. முதல் இழுப்பு இறகால் தடவுவதுபோல இருக்கட்டும். அது கத்திக்கு வழி காட்ட மட்டும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் அழுத்தம் கூட்டுங்கள். செம்பு சீக்கிரம் அறுந்துவிடும். அதன் பிறகு சத்தம் மாறும். வழுவழுப்பாகச் சென்ற கத்தி கரகரவென்று இழுபடும். அந்தச் சத்தம்தான் கண்ணாடி இழை. அங்கிருந்து இன்னும் ஆறேழு இழுப்பு. பிறகு பலகையைப் புரட்டி மறுபக்கமும் அதேபோல.

முறிக்கும்போது கோடு மேசை விளிம்புக்கு மிகச் சரியாக மேலே இருக்கட்டும். மேசைமேல் இருக்கும் பாதியின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து இறுக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியை வெறும் விரலால் அழுத்தாமல், இன்னொரு சட்டத்தைக் கோடு நெடுக வைத்து, ஒரே மூச்சில் கீழே தள்ளுங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் முறிவு வேறு பக்கம் ஓடும். நார் ஏதாவது தொக்கி நின்றால் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே மடக்கி, மிச்சத்தைக் கத்தியால் அறுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கீறினால் போதாதா? செம்பு ஒரு பக்கம்தானே இருக்கிறது?

செம்பு ஒரு பக்கம்தான், இழை எல்லாப் பக்கமும் இருக்கிறது. 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 பலகைக்குள் வழக்கமாக எட்டு அடுக்குக் கண்ணாடித் துணி இருக்கும். மேலே இருந்து கீறும்போது ஓரிரு அடுக்குதான் அறுபடுகிறது. நடுவில் உள்ளவை மடக்கும்போது முறிந்துவிடும். கீழ்ப்பக்க அடுக்குகளைக் கீறாமல் விட்டால் அவை முறியாமல் கிழியும். கிழியும்போது பிசினை விட்டுப் பிரிந்து ஓரம் நெடுக வெள்ளைத் தழும்பு விழும். அந்த வெண்மை அழகுக் குறை மட்டுமல்ல. அடுக்குகள் பிரிந்த இடம் அது; ஈரம் உள்ளே நுழைய வழி.

கரும்பு முறித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சுற்றிலும் ஒரு கீறல் போட்டு முறித்தால் துண்டு கையோடு வரும். கீறாமல் முறித்தால் தோல் ஒரு முழத்துக்கு உரிந்துகொண்டு வரும். 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம்மவர்கள் தோட்டத்தில் கற்ற பாடம் சர்க்யூட் போர்டுக்கும் பொருந்துகிறது என்று தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எந்தக் கத்தி?

காகிதம் வெட்டும் கத்தி வேண்டாம். அது பொருளைப் பிளந்துகொண்டு போகிறது, எடுத்துப் போடுவதில்லை. நமக்கு வேண்டியது முனை கொக்கிபோல வளைந்த, இழுக்கும்போது பொருளைச் சுருளாகச் சுரண்டி எடுக்கும் கத்தி. இங்கே ஹார்ட்வேர் கடைகளில் பெர்ஸ்பெக்ஸ் கட்டர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கிடைக்காவிட்டால் உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்து முனையைச் சாணைக்கல்லில் கொக்கி வடிவத்தில் தீட்டிக்கொள்ளுங்கள். சாணை பிடிக்கும்போது எஃகு நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கவேண்டும். பிடிக்குத் துணி சுற்றுங்கள். என் கொட்டகையில் இருப்பது இதுதான். கண்ணாடி இழை எஃகைத் தின்னும். நாலைந்து பலகைக்கு ஒருமுறை முனையைத் தீட்டவேண்டியிருக்கும். டங்ஸ்டன் கார்பைடு முனை உள்ள கீறுகோல் நெடுநாள் தாங்கும்.

ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் துண்டு வேண்டும். முறிக்க வரவில்லை.

வராது. பிடிப்பதற்கு இடம் இல்லாததால் நெம்பும் வலு கிடைப்பதில்லை. இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களை வைஸில் எதிரெதிராக வைத்து, கீறிய கோடு சட்டத்தின் விளிம்போடு நிற்கும்படி பலகையை இறுக்கி, வெளியே நிற்கும் துண்டை அகலவாய்க் குறடால் பற்றி மடக்குங்கள். குறடின் பற்கள் செம்பைக் கடிக்காமலிருக்க அட்டைத் துண்டு வையுங்கள். அதைவிடக் குறுகலாக வேண்டுமென்றால் கீறல் முறையை விட்டுவிட்டு ரம்பத்துக்குப் போய்விடுங்கள்.

ஹாக்ஸாவால் அறுத்தால் ஏன் ஓரம் கொத்துக் கொத்தாகப் பெயர்கிறது?

பல்லை எண்ணிப் பாருங்கள். கடையில் கிடைப்பதிலேயே நெருக்கமான பிளேடில் அங்குலத்துக்கு 32 பல். 1.6 மி.மீ. தடிமனுக்குள் இரண்டு பல்தான் நிற்கும். மூன்று பல்லாவது பொருளுக்குள் நிற்காவிட்டால் ரம்பம் அறுக்காது, தட்டித் தட்டிப் பெயர்க்கும். வழி எளிது: பிளேடைப் பலகைக்கு நெட்டுக்குத்தாகப் பிடிக்காமல், கிட்டத்தட்டப் படுத்தவாக்கில், இருபது டிகிரி சாய்வில் பிடியுங்கள். அப்போது ஐந்தாறு பற்கள் பலகையின்மேல் இருக்கும்.

பலகையை இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்குங்கள். செம்பு உங்களைப் பார்த்து இருக்கட்டும். முன்னே தள்ளும் பற்கள் செம்பைப் பலகையோடு அழுத்திக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் வைத்தால் செம்பை உரித்துக்கொண்டு வெளியேறும். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் இறக்குங்கள்.

கத்தரி? தகரம் வெட்டும் கத்தரி? அலுவலகத்துக் காகிதம் வெட்டும் கருவி?

0.8 மி.மீட்டருக்குக் கீழே என்றால் தகரக் கத்தரி தாங்கும், துண்டு கொஞ்சம் சுருளும். 1.6 மி.மீ. பலகையை அது நசுக்கிப் பிளக்கும். பெரிய நெம்புகோல் கத்தரி, அதாவது தகடு வெட்டும் பட்டறைகளில் மேசையில் பூட்டியிருப்பது, நன்றாகவே வெட்டும். அலகு கூராகவும் இடைவெளி இல்லாமலும் இருக்கவேண்டும். தெரிந்த பட்டறை இருந்தால் பத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் வெட்டி வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை.

காகிதம் வெட்டும் கருவியால் ஒரு முறை வெட்டலாம். அதன் பிறகு அது காகிதத்தையும் வெட்டாது.

தையல் கத்தரியை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். என் அம்மா டர்பனில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை செய்தார். அவருடைய கத்தரியை நான் பதினான்கு வயதில் ஒரு காகிதப் பலகையில் சோதித்தேன். அடுத்த மூன்று மாதச் சம்பவங்களை இங்கே எழுத இயலாது.

ஆங்கிள் கிரைண்டரோ சுழல் கருவியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியுமே?

வெட்டு ஒரு நிமிடத்தில் முடியும். தூசு ஒரு வாரம் கொட்டகையில் மிதக்கும். வேகமாகச் சுற்றும் வட்டு பிசினைச் சூடாக்கித் தீய்க்கும். ஓரம் பழுப்பேறி நாறும், செம்பும் மேலெழும்பும். கிரைண்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது வாயிற்கதவுக்கு. சிறிய சுழல் கருவியில் மெல்லிய வைர வட்டை மாட்டி, குறைந்த வேகத்தில், கட்டாயம் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டு, வளைந்த சிறு வெட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

மோட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: டைல்ஸ் வெட்டும், தண்ணீர்த் தொட்டி உள்ள மேசை ரம்பம். வைர வட்டின் கீழ்ப்பகுதி தண்ணீரில் நனைந்தபடியே சுற்றுவதால் தூசு சேறாகித் தொட்டியில் தங்கிவிடும். ஓரமும் கண்ணாடி போல வரும். பலகையின் செம்புப் பக்கம் மேலே இருக்கட்டும். நீரும் 230 வோல்ட்டும் ஒரே மேசையில் இருப்பதால், தொடங்குமுன் வீட்டு மின்பெட்டியில் உள்ள எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அது துண்டிக்கவேண்டும். சோதனையில் விழாவிட்டால் ரம்பத்தை ஏறக்கட்டிவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். வெட்டியதும் பலகையைத் துடைத்து நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள். காகிதப் பலகையை இந்த ரம்பத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நீர் குடித்து ஊதிவிடும்.

அரிப்பு தாங்கவில்லை. இந்தத் தூசு எவ்வளவு ஆபத்து?

இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்பவர்கள் குறைவு. மறுநாள் கேட்பவர்கள்தான் அதிகம்.

எஃப்ஆர்-4 பலகையின் ஒவ்வொரு கண்ணாடி இழையும் பெரும்பாலும் 5 முதல் 9 மைக்ரான் பருமன். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு. ரம்பமும் அரமும் அதைச் சிறு ஊசிகளாக உடைத்துப் போடுகின்றன. அவை தோலில் குத்தி அரிப்பைத் தருகின்றன. கண்ணில் விழுந்தால் கசக்கக் கசக்க ஆழமாகக் கீறும். இழையோடு சேர்ந்து பொடியாகும் பிசின் தூசு இன்னும் நுண்ணியது; அதைத்தான் மூச்சில் இழுக்கக்கூடாது. ஒரு நாள் ஒரு பலகை அறுத்தவருக்கு நுரையீரல் போய்விடாது. சனிக்கிழமைதோறும் மூடிய கொட்டகையில் கவசமில்லாமல் அறுப்பவனைத்தான் நான் திட்டுகிறேன்.

எஃப்எஃப்பி2 முகக்கவசம் போடுங்கள். கொரோனா காலத்துத் துணிக்கவசம் இதற்கு ஆகாது. அறுப்பதையும் அரம் போடுவதையும் முடிந்தவரை ஈரத்தில் செய்யுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து தடவினால் தூசு எழாது. கீழே விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள். ஈரத்துணியால் ஒற்றியெடுத்துத் துணியை எறிந்துவிடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் பொடித் தூசைப் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே அனுப்பும். ஹெப்பா வடிகட்டி உள்ளதென்றால் சரி.

கையில் குத்தியிருந்தால் தேய்க்காமல், பேக்கிங் டேப்பை ஒட்டி உரியுங்கள். பாதி ஊசி அதோடு வந்துவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தச் சட்டையைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம். சமையலறை மேசையில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று: வெட்டி மிஞ்சிய துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் நெருப்பில் போடாதீர்கள். எஃப்ஆர் என்பது தீயைத் தடுக்கும் தன்மையைக் குறிக்கும் பெயர். எஃப்ஆர்-4 பலகையில் அதற்குச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் புரோமின் கலவை. எரித்தால் வரும் புகை நச்சு. ஆட்டிறைச்சிக்கு அந்த மணம் வேண்டியதில்லை.

காகிதப் பலகை கோட்டை விட்டு வேறெங்கோ உடைகிறது. ஏன்?

குளிர்ந்திருக்கும்போது பினாலிக் பலகை நொறுங்கும். இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடிக்குள் அரை மணி நேரம் வைத்து எடுங்கள், அல்லது தலைமுடி உலர்த்தியால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். இளகிய பலகை கீறலுக்குக் கட்டுப்படும். தொழிற்சாலைகளிலும் இந்த வகையைத் துளையிட்டு எடுக்கும்போது பல சமயம் சூடாக்கித்தான் எடுக்கிறார்கள். கீறலும் எஃப்ஆர்-4 பலகைக்குப் போட்டதைவிட ஆழமாக, தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும்.

துளையிட்ட வீரோபோர்டை எப்படி வெட்டுவது?

துளை வரிசை ஒன்றைப் பலி கொடுத்து. துளைகளின் நடுவே ஓடும்படி இரண்டு பக்கமும் கீறி, மேசை விளிம்பில் வைத்து முறித்தால் முத்திரைத் தாள் கிழிவதுபோலக் கிழியும். ஓரத்தில் பாதி வட்டங்கள் பல் பல்லாக நிற்கும். அரம் இரண்டு இழுப்பு இழுத்தால் போயிற்று. துளைக்குத் துளை 2.54 மி.மீ. என்பதால், எண்ணும்போது அந்தப் பலி வரிசையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை சொன்னாலும் ஒரு வரிசை குறைவாக வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நடுவில் ஜன்னல் வெட்டவேண்டும், அல்லது வட்டமாக வேண்டும்.

நான்கு மூலையிலும் துளை போட்டு, மெல்லிய இழைப்பு ரம்பத்தின் (ஃபிரெட்சா) பிளேடை உள்ளே நுழைத்துப் பூட்டுங்கள். பற்கள் கைப்பிடியை நோக்கி, கீழே இழுக்கும்போது அறுப்பதாக இருக்கட்டும், செம்பு மேலே. மின் ஜிக்ஸா இதற்கு நேர்மாறு, மேலே வரும்போது அறுக்கும். அதற்குச் செம்பைக் கீழே வையுங்கள். வட்டத்துக்குக் கோட்டுக்கு வெளியே வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, இடைவெளிகளை அறுத்து, அரத்தால் உருட்டுவதுதான் என் வழி. அலுப்பான வேலை. ரேடியோவில் பழைய பாட்டு இருந்தால் போய்விடும்.

டிரில் பிட் பற்றி: சாதாரண எஃகுப் பிட் எஃப்ஆர்-4 பலகையில் சில டஜன் துளைகளிலேயே மழுங்கும். கார்பைடு பிட் நீடிக்கும், ஆனால் கையால் பிடித்த டிரில்லில் கொஞ்சம் ஆடினாலும் ஒடியும். ஸ்டாண்டில் பூட்டிய டிரில்லுக்கு மட்டும் அது.

எல்இடி விளக்கிலிருந்து எடுத்த அலுமினியப் பலகையை வெட்டலாமா?

வெட்டலாம், ஹாக்ஸாவால். வெட்டிய பிறகுதான் வம்பு. அந்தப் பலகையில் அலுமினியத்துக்கும் செம்புக்கும் நடுவில் இருக்கும் காப்புப் படலம் 0.1 மி.மீ. அளவுதான். ரம்பம் இழுத்துவிட்ட ஒரு மெல்லிய பிசிறு போதும், இரண்டும் தொட்டுக்கொள்ளும். வெட்டும் கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரத்தை நன்றாக அரம் போட்டு, மல்டிமீட்டரால் செம்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். அப்படியும் வீட்டில் வெட்டிய அலுமினியப் பலகையை 12 வோல்ட் பேட்டரி விளக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நேரடி 230 வோல்ட் சுற்றுக்கு வேண்டவே வேண்டாம். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் "சரி" என்று சொன்ன படலம் 230இல் அதையே சொல்லும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

வெட்டிய ஓரத்தை எப்படி முடிப்பது?

அரத்தைச் செம்பிலிருந்து பலகையை நோக்கித் தள்ளுங்கள். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் நீர் உப்புத்தாளை விரித்து, முதலில் 180, பிறகு 400 எண்ணில், பலகையை நிமிர்த்திப் பிடித்து ஈரத்தில் தேயுங்கள்.

டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கின்றன. வெட்டிய ஓரம் அதை உறிஞ்சும், காகிதப் பலகை இன்னும் கூடுதலாக. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தபோது கீழ்த்தட்டில் இருந்த எஃப்ஆர்-4 துண்டுகளைக் கழுவிக் காயவைத்து இன்றும் பயன்படுத்துகிறேன். பழுப்புப் பலகைகள் ஊறிய பிஸ்கட்டாகப் பிரிந்துபோயின. ஓரத்தில் ஒரு பூச்சு வார்னிஷ் போட்டால் போதும். செம்பின்மேல் விரல் வைக்காதீர்கள், ஓரத்தைப் பிடியுங்கள். விரல் பட்ட இடம் இரண்டே நாளில் கறுத்து, உங்கள் கைரேகையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒளிக்குணம் உள்ள பலகையை, அதாவது ஒளி பட்டால் மாறும் பூச்சு பூசியதை, எப்போது வெட்டுவது?

மேலே ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளை உரிக்காமலே, மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில். தாளோடு சேர்த்துக் கீறுங்கள். தூசைத் துடைத்த பிறகே தாளை உரிக்கவேண்டும்.

பாகங்கள் எல்லாம் பற்றவைத்த பிறகு பலகையை முறிக்கலாமா?

முறிக்காமலிருப்பதே நல்லது. பலகை வளையும்போது அதன்மேல் ஒட்டியிருக்கும் சிறு செராமிக் கப்பாசிட்டர்கள் வளைய மாட்டாமல் உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து ஈரம் உள்ளே போய் அது ஷார்ட் ஆகும். அப்போது நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் கோட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் கப்பாசிட்டர் வைக்காதீர்கள். வைப்பவற்றையும் கோட்டுக்கு இணையாகப் படுக்கவையுங்கள், குறுக்காக அல்ல. இந்த இடத்தில் மட்டும் கீறி முறிப்பதைவிட ரம்பம் மேல்.

சீனாவிலிருந்து வரவழைக்கும் பலகைகளில் தொழிற்சாலையே வி வடிவப் பள்ளம் போட்டு அனுப்பியிருக்கும்; நடுவில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் மிச்சம். அவற்றைப் பாகம் பொருத்துமுன் பிரித்துவிடுங்கள்.

பழைய மீட்டர் பெட்டிக்குள் கறுப்பாகக் கனமான பலகை கிடைத்தது. வெட்டிப் பெட்டி செய்யலாமா?

கூடாது. அதில் துளைகூடப் போடாதீர்கள். பழைய மின் மீட்டர்ப் பலகைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதன் பயன்பாடு 2008இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் பொருத்தியவை சுவரிலும் கூரையிலும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடி இழை அரிக்கும், எச்சரிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் அரிக்காது. அதுதான் பயம்.

கோடு கோணலாக முறிந்துவிட்டது. பலகை வீண்தானா?

தூக்கி எறியாதீர்கள். கோணல் துண்டுகளை ஐந்து மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள். பெரிய செம்புப் பலகை ஒன்றின்மேல் அந்தச் சதுரங்களைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினால், ஒவ்வொரு சதுரமும் பாகங்களைப் பற்றவைக்க ஒரு தனித் திட்டு. கீழே உள்ள முழுச் செம்பும் நிலத்தொடர்பு. வேண்டாத செம்பை ரசாயனத்தில் அரித்தெடுக்கும் வேலையே இல்லாமல் ஒரு மாலையில் வானொலி ரிசீவர் ஒன்றைக் கட்டிவிடலாம். எங்கள் டப்பாவில் இப்போது நூற்றுக்குமேல் சதுரங்கள் கிடக்கின்றன. பாதிக்குமேல் நான் வெட்டிய கோணல்கள்.